அரசுத் திட்ட வீடு, கட்டியது தனியார்: ஒழுகினால் யாரைக் கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பெயரில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் (நகர்ப்புறம்) அடுக்குமாடி வீடு கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே எங்கள் கூரை ஊறி, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்கிறது. அடியில் பக்கெட் வைத்துத்தான் சமையல்.

கட்டிய நிறுவனத்தைக் கேட்டால், "கட்டி ஒப்படைத்துவிட்டோம், அலுவலகத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். வீடு ஒதுக்கிய அரசு அலுவலகத்தில் கேட்டால், கட்டிய ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறார்கள். நடுவில் நாங்கள் பந்து.

2015இல் வந்த இந்தத் திட்டத்தின் கூட்டாண்மைப் பிரிவில் (மாநில அரசு, அரசு அமைப்புகளோடோ தனியாரோடோ சேர்ந்து வீடு கட்டித் தரும் பிரிவு), நலிந்த பிரிவினருக்கான வீடு ஒன்றுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் தருகிறது. விற்பனை விலைக்கு உச்சவரம்பு வைப்பது மாநிலம். இதுவரை புரிகிறது. பழுது யார் தலையில் என்பதுதான் குழப்பம்.

2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3) பிரிவில், வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் குறை தெரிந்தால் புரமோட்டர் (வீடுகளைக் கட்டி அல்லது கட்டுவித்து விற்பவர்) 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. அரசு அமைப்பும் அந்தச் சட்டப்படி புரமோட்டராகலாம். அப்படியானால் எங்கள் வீட்டுக்குப் புரமோட்டர் யார்? ஒதுக்கீட்டு ஆணையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? இப்படிப் புகார் கொடுத்து வேலை நடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன். மழைக்காலம் வேறு வருகிறது.