ராத்திரி ஏஎச்யு நிறுத்தினால் காலையில் ஓ.டி.யில் பூஞ்சை வாடை: ஹெபா மாற்றணுமா?

குடியாத்தம் பராமரிப்பு:
30 படுக்கை நர்சிங் ஹோம். ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) 20க்கு 20 அடி, உயரம் 10 அடி. டேபிளுக்கு மேல் 8க்கு 6 அடி பிளீனம் (வடிகட்டிய காற்று இறங்கும் கூரைப் பெட்டி), அதில் ஹெபா (நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டர்). கரண்ட் பில்லுக்காக ராத்திரி 9 முதல் காலை 6 வரை ஏஎச்யு (காற்றைக் குளிர்வித்து உள்ளே தள்ளும் யூனிட்) ஆஃப். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் கதவைத் திறந்தால் ஈரக் கோணி வாடை, செட்டில் பிளேட்டில் (காற்றிலிருந்து விழும் கிருமியைப் பார்க்கத் திறந்துவைக்கும் தட்டு) பூஞ்சை. ஃபாகிங் (கிருமிநாசினிப் புகை) போட்டால் இரண்டு நாள்தான் தாங்குகிறது. அறை பிரஷர் (காரிடாரைவிட உள்ளே கூடுதலாக இருக்கும் காற்றழுத்தம்) 12 பாஸ்கலிலிருந்து 3க்கு இறங்கிவிட்டது. ஹெபா முழுவதையும் மாற்றச் சொல்கிறார் சப்ளையர்.

காட்பாடி குளிர்காற்று:
இப்போதைக்கு ஆர்டர் போடாதீங்க சார். ஹெபாவுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு? புதுசில் சுமார் 25 மி.மீ. நீர்மட்டம் காட்டும். 50ஐ நெருங்கினால்தான் மாற்றுகிற பேச்சு.

வாடையும் பூஞ்சையும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நினைக்காதீங்க. நனைந்த கூலிங் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்), டிரெயின் தட்டு இரண்டும் ராத்திரி காற்றில்லாமல் ஊறுகின்றன, வாடை அங்கிருந்து. ஹெபா துகளைத்தான் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. பூஞ்சை வித்து பெரும்பாலும் காரிடாரிலிருந்து வருகிறது. புளோயர் நின்றதும் பாசிட்டிவ் பிரஷர் போய், கதவிடுக்கு வழியே உள்ளே நுழைகிறது.

டிரெயின் குழாயில் யு-டிராப்பில் (தண்ணீர் தேங்கி வாயுவைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்க. காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருக்கிற ஏஎச்யுவில் அந்தப் பகுதி உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கும். டிராப் காய்ந்திருந்தால் சாக்கடைக் காற்றை இழுக்கும். அங்குள்ள உறிஞ்சலை மி.மீ.யில் அளந்து, அதைவிட 25 மி.மீ. கூடுதலாக நீர்மட்டம் நிற்கிற ஆழத்துக்கு டிராப் வையுங்க.

குடியாத்தம் பராமரிப்பு:
நன்றி சார். 24 மணி நேரமும் ஓட்டினால் பில்லுக்கு டாக்டரிடம் என்ன சொல்வது?

காட்பாடி குளிர்காற்று:
விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுங்க. ஃபேன் வேகம் பாதியானால் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு (நடைமுறையில் கொஞ்சம் கூடும்). ராத்திரி 25 ஹெர்ட்ஸ் (பாதி வேகம்), ஆபரேஷன் நேரத்தில் முழு ஓட்டம். 25 ஹெர்ட்ஸிலும் பிரஷர் கேஜ் பாசிட்டிவில் நிற்பதைப் பார்த்துவிட்டு செட் பண்ணுங்க. மழைக்காலத்தில் வெறும் புளோயர் மட்டும் ஓட்டினால் வெளி ஈரம் உள்ளே ஏறும். ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினால் வேகம் கூடி கம்ப்ரசரும் ஓடுகிற மாதிரி ஹியூமிடிஸ்டாட் (ஈரப்பத ஸ்விட்ச்) இணைத்துவிடுங்க. வேகம் கூடாமல் பாதிக் காற்றிலேயே கம்ப்ரசர் ஓடினால் காயிலின் மேல் பனி கட்டும்.

ராணிப்பேட்டை வேலிடேஷன்:
பிரஷர் விஷயம். குறைந்தபட்சம் 2.5 பாஸ்கல் வேணும். 3 என்றால் விளிம்பு, பாஸ் பாக்ஸ் (பொருள் கைமாற்றும் சுவர்ப் பெட்டி) லேசாகத் திறந்தாலே போச்சு. முதலில் கேஜின் இரண்டு டியூபையும் கழற்றுங்க. முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் கோளாறு கேஜில்தான். வந்தால் ஃப்ரெஷ் ஏர் பிரீஃபில்டரை (வெளிக்காற்று நுழையும் இடத்து முதல் ஃபில்டர்) பாருங்க. நம்ம பக்கம் கோடைப் புழுதி முழுவதும் அதில் படிந்து, மழையில் நனைந்து அடை மாதிரி ஆகியிருக்கும். அடுத்து கதவின் அடி ரப்பர்.

உங்கள் அறை 4,000 கன அடி. மணிக்கு 20 ஏர் சேஞ்ச் (அறைக் காற்று முழுவதும் 20 தடவை மாறுவது) என்றால் 1,333 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), அதில் 4 சேஞ்ச், அதாவது 267 சிஎஃப்எம், வெளிக்காற்று. 48 சதுர அடி பிளீனத்தில் நிமிடத்துக்கு சுமார் 28 அடி வேகம் வரணும். அனிமோமீட்டரில் (காற்று வேகமானி) 25க்குக் கீழே வந்தால் பிரீஃபில்டர், பெல்ட், டேம்பர் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) என்ற வரிசையில் பாருங்க.

தெர்மோஸ்டாட்டை 17ல் வைக்கிற பழக்கம் இருந்தால் 21க்கு ஏற்றுங்க. ஈரக்காற்று கசிகிற அறையில் குளிர்ந்த டிஃப்யூசர் (காற்று இறங்கும் சல்லடை) வியர்த்துச் சொட்டும். அந்தச் சொட்டு டேபிள் மேல்தான் விழும்.

ஹெபா பழசோ புதுசோ, பிஏஓ டெஸ்ட் (எண்ணெய்ப் புகை விட்டு ஃபில்டர் கசிவு பார்ப்பது) கட்டாயம். கேஸ்கெட் (ஃபில்டரைச் சுற்றிய சீல்) ஓரத்தில் 0.01 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் புது ஹெபா வாங்கியும் பிரயோஜனமில்லை.