ஆர்லாண்டோ டிஸ்னிக்குப் புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாமா, எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

சார்லட்வாசி

ஜூன் இரண்டாவது வாரம் டிஸ்னி வேர்ல்டு போகிறோம். நானும் மனைவியும், 11 வயதில் ஒருத்தி, 4 வயதில் ஒருத்தன், மதுரையிலிருந்து வந்திருக்கிற அம்மா. டிஸ்னியின் விலை குறைந்த வகை ஹோட்டல் ஒன்றில் இரண்டு அறை. சின்ன ஃப்ரிட்ஜும் காபி மெஷினும் இருக்கும், மைக்ரோவேவ் அறையில் கிடையாது, கீழே உணவுக்கூடத்தில்தான். மூன்று நாள் டிஸ்னி, ஒரு நாள் அதே ஊரில் இருக்கிற யுனிவர்சல் பார்க். மதியமும் இரவும் வாங்கிக்கொள்வோம், அதில் சண்டை இல்லை. காலைச் சாப்பாடும் நடுவில் கொறிக்கிறதும்தான் வீட்டில் பெரிய பிரச்சினையாக ஓடுகிறது. அம்மா ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்தாயிற்று, மனைவி அதை எடுத்து வெளியே வைத்தாயிற்று. அம்மா முட்டை சாப்பிட மாட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டெக்சாஸ் அக்கா

எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. டிஸ்னியில் வெளிச் சாப்பாட்டைத் தாராளமாக உள்ளே விடுகிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடு பண்ணித்தான் சாப்பிட வேண்டும் என்கிற மாதிரி இருக்கக் கூடாது, பை 24 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். உதிரி ஐஸ் கட்டியும் உலர் ஐஸும் விட மாட்டார்கள், உறைய வைக்கிற ஜெல் பை கொண்டு போகலாம்.

காலையில் உணவுக்கூடத்தில் ஒரு தட்டு 10 டாலருக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். அந்தத் தட்டிலும் கிண்டிய முட்டை, பேக்கன், சாசேஜ். மிக்கி முக வாஃபிள் இருக்கிறதே என்றால் அதன் மாவிலும் பொதுவாக முட்டைதான். அப்போது அம்மாவுக்கு என்ன மிஞ்சுகிறது, பழக்கிண்ணமும் ஓட்ஸ் கஞ்சியும் பேகலும். மதுரைக்காரருக்கு மூன்று நாள் ஓட்ஸ் கஞ்சி கொடுத்துப் பாருங்கள், நாலாம் நாள் டிக்கெட் மாற்றச் சொல்வார்.

விடுமுறைக்காரி

அக்கா, யார் எடுத்துக்கொண்டு போவது? அதாவது யார் செய்து எடுத்துக்கொண்டு போவது? அதை மட்டும் யாரும் எழுதவே மாட்டார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குப் பார்க் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போகலாம், கூட்டம் குறைவாக இருக்கிற அந்த நேரத்துக்காகத்தான் பாதிப் பேர் அந்த ஹோட்டலுக்குக் காசு கொடுக்கிறார்கள். அதற்கு ஏழு, ஏழரைக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அப்படியென்றால் சமைக்கிறவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும். இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பியவர் ஐந்து மணிக்கு எழுந்து ஹோட்டல் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவுவதற்கு விடுமுறை என்று பெயர் வைக்க என்னால் முடியாது. மனைவி குக்கரை வெளியே எடுத்து வைத்தார் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள், சார்லட்.

ஆயிரக்கணக்கில் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு காலைச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிற கணக்கும் எனக்குப் புரிவதில்லை.

எடிசன் அண்ணாச்சி

குக்கரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெரும்பாலான ஹோட்டல்கள் அறையில் சமைக்கிற சாதனங்களை அனுமதிப்பதில்லை, முன்பதிவு விதிகளில் அது எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். போன வருஷம் ஒரு ஹோட்டலில் (எது என்று வேண்டாம்) பக்கத்து அறைக்காரர் தாளிக்கப் போய்ப் புகை அலாரம் அடித்து, மாடி முழுக்க இரவு உடையோடு புல்வெளியில் நின்றோம்.

சமைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்து ஊரான கிஸிம்மியில் சமையலறையோடு வாடகை வீடு எடுப்பதுதான் வழி. ஆனால் அரை மணி முன்நுழைவு போய்விடும், டிஸ்னியில் கார் நிறுத்த நாளுக்கு 30 டாலருக்குக் குறையாது. டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் வண்டியை வாசலில் நிறுத்தவும் முடியாது, தூரத்தில் நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். மதியம் வண்டிக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள், ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

டெக்சாஸ் அக்கா

விடுமுறைக்காரி, அறையில் அடுப்பு மூட்டச் சொன்னது யார்? நான் எடுத்துப் போகச் சொன்னேன், அங்கே போய்ச் சமைக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு என்னோடு சண்டை போடாதீர்கள்.

சார்லட்டிலிருந்து எட்டு மணி நேரக் கார்ப் பயணம்தானே, விமானமாக இருந்தால் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டு போக முடியாது, காருக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டிலேயே புளிக்காய்ச்சல் காய்ச்சி டப்பாவில் எடுங்கள். 90 விநாடியில் சூடாகிற சாதப் பை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, அதில் ஐந்தாறு. காலையில் யாராவது ஒருவர், சார்லட் நீங்களே, கீழே இறங்கி மைக்ரோவேவில் வைத்துக் கிளறிக் கொண்டுவந்தால் முடிந்தது. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டிய இட்லி, ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைக்கும் தாங்கும். அப்புறம் அவல். மெல்லிய அவலை நனைத்துத் தயிரும் உப்பும் போட்டால் அடுப்பே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாலும் சீரியலும் போதும். இதில் ஐந்து மணிக்கு யார் எழப் போகிறார்கள்?

லேப்கோட்

உணவு நுண்ணுயிரியல் என் வேலை, அதனால் ஆசையைக் கொஞ்சம் கெடுக்கிறேன். ஜூனில் ஆர்லாண்டோ மதிய வெயில் 33 டிகிரி சாதாரணமாக இருக்கும், மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டும், புழுக்கம் குறையாது. அமெரிக்க விவசாயத் துறையின் விதி: கெட்டுப்போகக்கூடிய சாப்பாடு வெளியில் 2 மணி நேரம், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சாதத்தில் பாசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு, அதன் வித்துகள் வேக வைத்தாலும் சாகாது, சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சைத் திரும்பச் சூடு பண்ணியும் போக்க முடியாது.

புளியோதரைக்குப் புளியின் அமிலம் ஓரளவு காவல். தயிர்சாதம்தான் ஆபத்து. நம் வீடுகளில் வெளியூருக்குக் கட்டும்போது புளிக்காமல் இருக்கட்டும் என்று பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவோமே, அது ஆரம்பத்தில் அமிலமே இல்லாத பால்சோறு. அதைத் தோள்பையில் வைத்து வெயிலில் நடந்தால் கிருமிக்கு விருந்து. அறையில் சாப்பிடுவதற்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பார்க்குக்குள் சாத வகை வேண்டாம் என்பது என் கட்சி. ஜெல் பை வைத்த குளிர்ப்பை இருந்தால் தயிர்க் கப், சீஸ் குச்சி கொண்டு போகலாம், அதையும் காலை பத்து பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

டெக்சாஸ் அக்கா

ரயிலில் இரண்டு நாள் பயணத்துக்குக் கட்டுசோறு கட்டிக்கொண்டு போன தலைமுறை நாங்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லேப்கோட்

ஆனவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை அக்கா. தவிர அந்தக் காலத்துக் கட்டுசோற்றில் புளியும் எண்ணெயும் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாம் இப்போது ஆரோக்கியம் என்று எண்ணெயைக் குறைத்துவிட்டு, அதே சோறு அதே மாதிரி தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரட்டையர் அம்மா

காலைச் சாப்பாட்டுக்கே எல்லாரும் இவ்வளவு எழுதுகிறீர்கள், சின்னப் பிள்ளையோடு போகிறவருக்கு உண்மையான கண்டம் வரிசைதான். 45 நிமிடம், 60 நிமிடம் என்று நிற்கும்போது நாலு வயதுக்காரன் கையில் ஏதாவது இருந்தால் பிழைத்தீர்கள். வரிசையை விட்டு வெளியே போய் வாங்கவும் முடியாது. அதனால் கொறிக்கிறதைக் கட்டாயம் வீட்டிலிருந்து கொண்டு போங்கள்.

எது போகும் எது போகாது என்று சொல்கிறேன். சாக்லேட் தடவின எதுவும் வேண்டாம், பத்து மணிக்குக் குழம்பாகிவிடும். ரவா லட்டு சூட்டில் உதிர்ந்து பை முழுக்க மணல். முறுக்கு, தட்டை, ரிப்பன் பகோடா அருமை, வியர்த்துக் கொட்டுகிற ஊரில் உப்பும் உள்ளே போகும். திராட்சையை முந்தின இரவு உறைய வைத்துச் சின்ன டப்பாவில் எடுத்துப் போவேன், ஃப்ரிட்ஜில் உறைய வைக்கிற பகுதி இல்லையென்றால் இது நடக்காது. நாலு வயதுப் பையனுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் நெருக்கியடித்து நிற்கிற வரிசையில் பக்கத்துப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் தர்மசங்கடம், நான் பொட்டுக்கடலை உருண்டைக்கு மாறிவிட்டேன்.

எவர்சில்வர் டப்பாவை விட்டுவிடுங்கள். பாதுகாப்பு வாசலில் பையைத் திறக்கச் சொல்லி நிறுத்துவார்கள், ஜிப் பையே போதும். இன்னொன்று, அங்கே வெள்ளையாக, வளைந்த மூக்கோடு ஐபிஸ் என்றொரு பறவை மேசைக்கு மேசை நடந்து வரும், நம் ஊர் அரிவாள்மூக்கனுக்குச் சொந்தம். தட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

விடுமுறைக்காரி

கொறிக்கிறதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கிறதையும் கொஞ்சம் வாங்கிக் கொடுங்கள். அன்னாசி டோல் விப் என்கிற மென் ஐஸ் மாதிரி ஒன்றை வெயிலில் நின்று நக்கிச் சாப்பிடுவதுதான் அவர்கள் நினைவில் நிற்கும், அதில் பாலும் முட்டையும் இல்லாததால் அம்மாவும் சாப்பிடலாம். பாப்கார்ன் வாளியை ஒரு முறை வாங்கினால் அந்தப் பயணம் முழுக்கக் குறைந்த விலையில் நிரப்பித் தருவார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், சோடா ஊற்றித் தருகிற கவுண்டர்களில் ஒரு கப் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசம்.

ஒரு காலை மட்டும் செஃப் மிக்கிஸ் உணவகம் மாதிரி ஓரிடத்தில் உட்காருங்கள். மிக்கியும் கூட்டாளிகளும் மேசைக்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்கள், அதற்காகப் பார்க்குக்குள் தனி வரிசை நிற்க வேண்டாம். முட்டை வேண்டாதவர் இருக்கிறார் என்று முன்பதிவிலேயே குறித்துவிட்டு அங்கேயும் சொன்னால், எதைச் சாப்பிடலாம் என்று வந்து காட்டுவார்கள்.

டெக்சாஸ் அக்கா

அதன் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆளுக்கு 50 டாலருக்கு மேல். டிஸ்னியில் 10 வயதானாலே பெரியவர் கணக்கு, ஆக சார்லட்டின் 11 வயதுப் பெண்ணுக்கும் முழு விலை. நாலு பெரியவர்களுக்கே 200 தாண்டியாயிற்று, மேலே சின்னவன், வரி, டிப்ஸ். ஒரு பிள்ளை பான்கேக் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்னும், இன்னொரு பிள்ளை கூஃபியைப் பார்த்து அழும். அந்தக் காசில் எல்லாரும் டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கிற சனா உணவகத்துக்குப் போகலாம். நாண் ரொட்டியும் விதவிதமான சட்னியும் கேட்டு வாங்கி, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். காலையில் கிடைக்காது, மதியமோ இரவோ போங்கள். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

விடுமுறைக்காரி

பார்த்தீர்களா, அக்காவே வெளியே சாப்பிடச் சொல்லிவிட்டார்.

எடிசன் அண்ணாச்சி

யுனிவர்சல் நாளை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அங்கே டிஸ்னி மாதிரி இல்லை. சூடு பண்ணத் தேவையில்லாத சின்னச் சின்னத் தீனி, குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு, தண்ணீர், இவ்வளவுதான் விடுவார்கள். கெட்டியான கூலர் கூடவே கூடாது, மென்மையான கூலர் பையும் 8.5 x 6 x 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து பேருக்குச் சாப்பாட்டுப் பை தூக்கிப் போனால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். அன்றைக்குக் காலையில் அறையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் கிரானோலா பார் மட்டும்.

மேஜிக் கிங்டமில் கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துப் பக்கம் பேபி கேர் சென்டரில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது கைக்குழந்தைச் சாப்பாட்டுக்கு. அங்கே போய் சாம்பார் சூடு பண்ணுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சார்லட்வாசி

எல்லாருக்கும் நன்றி. குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மா ஒப்புக்கொண்டார், லேப்கோட் எழுதினதை வாசித்துக் காட்டினேன், பால்சோறு பற்றிச் சொன்னதில் கொஞ்சம் கோபம். புளிக்காய்ச்சல், அவல், இட்லி, முறுக்கு உறுதி. காலையில் கீழே போய் சாதம் சூடு பண்ணுவது என் வேலை என்று தீர்மானமாகிவிட்டது, மனைவி இந்தத் திரியைப் படித்துவிட்டார். மிக்கி காலைச் சாப்பாடு பெண்ணுக்கு ஆசை, அதற்கு இப்போது இடம் கிடைக்குமா?

விடுமுறைக்காரி

60 நாள் முன்பே பதிவு திறந்துவிடும், அதனால் ஜூனுக்கு இப்போது கஷ்டம்தான். ஆனால் பயணத் தேதி நெருங்கும்போது நிறையப் பேர் ரத்து செய்வார்கள், டிஸ்னியின் மொபைல் ஆப்பில் காலையும் இரவும் பாருங்கள். ஐந்து பேருக்குச் சேர்ந்து கிடைக்காவிட்டால் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் மட்டும் இரண்டு இடம் தேடுங்கள், அது சுலபமாக மாட்டும்.

டெக்சாஸ் அக்கா

இரண்டு பேர் என்றால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேருக்கும் அவல் நனைத்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

விடுமுறைக்காரி

யாரை, அக்கா?