நூலகக் கதை நேரத்தில் வேதாளம் வேடம்: முகமூடியா, அரிதாரமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் கதை நேரத்தில், விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கியபடி புதிர் போடும் வேதாளமாக நான் வேடமிட வேண்டியுள்ளது. நான்கு வயதுக் குழந்தைகளும் வருவார்கள் என்பதால், முகமூடி அணிவதா, அரிதாரம் பூசுவதா என்று தயங்குகிறேன்.

பதில் 1: முகமூடி வேண்டாம், அம்மா. கண்ணும் வாயும் மறைந்துவிட்டால், நீங்கள் சிரிக்கிறீர்களா முறைக்கிறீர்களா என்பது சிறு குழந்தைகளுக்குப் புரியாது, குரலும் அடைபடும். (கரடியாகப் போய் முன்வரிசை முழுவதையும் அழவைத்தவன் நான்.) வேடத்தை அவர்கள் கண்முன்னே அணிந்துகொள்ளுங்கள்.

பதில் 2: உடையைவிடக் கதைத் தேர்வே முக்கியம். வேதாளத்தின் 25 கதைகளில் பல, மணத்தையும் மரணத்தையும் பற்றியவை. குழந்தைகள் விடை சொன்னதும் நீங்கள் முருங்கை மரத்துக்கு ஓடிவிடலாம்.

கேட்டவர்: நன்றி, ஐயா. முருங்கைக் கிளையை எங்கள் கொல்லையிலிருந்தே ஒடித்து வருகிறேன்.