மடவையின் செதில்களை எண்ணிய பிறகு

தங்கச்சிமடத்திலிருந்து:

மூன்று வருடமாகக் கல்யாண முருங்கைக் கட்டையில் பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்க மீன் பொம்மை செதுக்கி, அதில் தூண்டில் முள் மாட்டிக் கடலில் வீசுகிறேன். கட்டை லேசானது, கத்திக்கு நன்றாக இளகிக் கொடுக்கும், மிதக்கவும் செய்யும். செதுக்கும் வேலை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. செதில் மட்டும் வரவில்லை. வெங்காய மூட்டை வலையைச் சுற்றி ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். வள்ளத்தில் போகும் என் சித்தப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முழ நீள மீனோட செதிலு தம்பி இது. நீ செஞ்சிருக்கிறது விரல் நீளம்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் இரண்டு மடவை மீன் வாங்கி வந்தேன். ஒன்று சாண் நீளம், இன்னொன்று அதில் பாதி. திண்ணையில் வாழை இலை போட்டு, குண்டூசியால் தொட்டுத் தொட்டு, செவுளின் ஓரத்திலிருந்து வால் அடி வரை நடுவரிசையை எண்ணினேன். பெரியதில் 39, சின்னதில் 38. நம்ப முடியாமல் மறுபடியும் எண்ணினேன், அதேதான். மீன் வளர வளரச் செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கிற செதில்தான் பெரிதாகிறது. இத்தனை வருடம் மீன் தின்றும் இது எனக்குத் தெரியாது.

அப்புறம் கணக்கு எளிதாகிவிட்டது. என் பொம்மை 9 செ.மீ. தலையும் வாலும் போக உடம்பு 6 செ.மீ. 60 மில்லிமீட்டரை 38 ஆல் வகுத்தால் ஒரு செதிலுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த வலைகளை எல்லாம் அளந்தேன். பழைய கொசுவலைதான் பொருந்தியது. பெரிய பொம்மைக்கு, தையல் கடையில் கிடைக்கும் நெட் துணி. அதன் கண் ஆறு மூலையாக இருப்பதால் செதில் மாதிரியே விழும்.

அடிக்கிற வரிசையையும் மாற்றினேன். முன்பு வெள்ளி மேல் கறுப்பு அடிப்பேன். இப்போது முதலில் கரும்சாம்பல் அடித்து நன்றாகக் காயவிடுகிறேன். வலையை விறைப்பாக இழுத்து, வயிற்றுப் பக்கம் துணிக் கிளிப் போட்டுக் கவ்வவிட்டு, ஒரு முழத்தில் பாதி தூரத்திலிருந்து வெள்ளியைப் பனி மாதிரித் தூவுகிறேன். நூல் இருந்த இடம் கறுப்பாகவே நின்றுவிடும், கண் இருந்த இடம் வெள்ளிச் செதிலாகும். வலையைப் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, நேராகத் தூக்க வேண்டும். அந்த முதல் தூக்கலில் வரிசை வரிசையாகச் செதில் தெரியும்போது இன்றைக்கும் எனக்கு மூச்சு ஒரு நொடி நிற்கிறது. பிறகு முதுகில் ஆலிவ் பச்சை. கிளிப் பிடித்த தழும்பு வயிற்று வெள்ளையில் மறைந்துவிடும். மடவைக்கு உடம்பு நெடுக மங்கலான கோடுகள் உண்டு, அவற்றை மார்க்கரில் இழுக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து:

தங்கச்சிமடத்துத் தம்பி செதில் அளவைப் பிடித்துவிட்டார். எனக்கு மினுமினுப்புதான் பெரிய போராட்டம். சூடை மீனைக் கையில் பிடித்தால் செதில் உதிர்ந்து விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்த விரலை வெயிலில் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் இளஞ்சிவப்பு. மீன் தோலில் உள்ள மெல்லிய படிகங்கள் கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. டப்பாவில் வரும் வெள்ளிப் பெயிண்ட் தண்ணீருக்குள் போனதும் வெறும் சாம்பல்தான்.

அதனால் பெயிண்டை விட்டு அலுமினிய டேப்புக்கு வந்தேன், ஏ.சி. குழாயில் சுற்றுவார்களே, அதுதான். இரும்புக் கடையில் வாங்கிய அரத்தின் மேல் டேப்பைப் பரப்பி ஸ்பூன் முதுகால் தேய்த்தால் குறுக்கும் நெடுக்குமான வெட்டு அப்படியே பதியும், சின்னச் சின்ன வைரக் கண்களாக. அதை ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் சுருக்கம் விழும். முதுகில் நீலப்பச்சையைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து ஒரு கை. சூடைக்குத் தலையில் செதில் கிடையாது. செவுளுக்கு முன்னால் வழவழப்பான டேப், பின்னால் அரம் பதிந்த டேப். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

எங்கள் காக்காவும் (அண்ணன்) நானும் தை மாதத்தில் ஒரு காலை கரையில் நின்று வீசினோம். தென்கடல் (மன்னார் வளைகுடா) கண்ணாடியாகக் கிடந்தது. பொம்மை திரும்பும் ஒவ்வொரு முறையும் பளிச் என்று வெட்டியது. நாலாவது வீச்சில் ஒரு பாறை மீன் பின்னாலேயே வந்து, காலடி ஆழம் வரை துரத்தி, கடைசியில் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. காக்கா "வேகமா சுத்துடா" என்று கத்தினார். அடுத்த வீச்சில் வேகமாகச் சுற்றினேன், அடித்தது. ஒன்றே முக்கால் கிலோ.

தொண்டியிலிருந்து:

எங்கள் பக்கம் கதை வேறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) ஓரளவு தெளிந்திருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) திரும்பிவிட்டால் கலங்கல்தான், முழங்கால் தண்ணீரில் சொந்தக் கால் தெரியாது. இரண்டு வாரம் உட்கார்ந்து செதில் செதிலாக வரைந்த பொம்மையைக் கார்த்திகையில் முகத்துவாரத்தில் வீசிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் தொடவில்லை. பெயிண்ட் பாதி உரிந்து, முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமாக மட்டும் மிஞ்சிய பழையதை மாட்டியதும் கொடுவா மீன் அடித்தது. கலங்கலில் மீன் பார்ப்பது நிழலையும் அசைவையும்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த மாதங்களுக்கு இப்போது இரண்டே நிறம் அடித்து வைத்துக்கொள்கிறேன். செதில் வேலை முழுக்கப் பங்குனி முதல் ஆவணி வரைக்கும்.

மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடத்து அண்ணே, மார்க்கர் கோட்டின் மேல் என்ன பூசுகிறீர்கள்? நான் ஆறு பொம்மையை இழந்தது அங்கேதான். மார்க்கரில் கோடு போட்டு, மேலே தின்னர் கலந்த வார்னிஷ் அடித்தேன். கண் முன்னாலேயே கோடு கரைந்து ஊதாவாக வழிந்தது. இப்போது நகப்பாலிஷ் தூரிகையில் அக்ரிலிக் பெயிண்ட் எடுத்துக் கோடு இழுக்கிறேன், கரைவதில்லை.

இன்னொன்று, மழை நாளில் லேக்கர் (பளபளப்பு மேல்பூச்சு) அடிக்காதீர்கள். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அடித்தேன், காலையில் பார்த்தால் செதில் முழுக்கப் பால் ஆடை படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது. காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. எபாக்ஸிக்கு (இரண்டு திரவம் கலந்து பூசும் கெட்டிப் பூச்சு) மாறிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்டிருக்கிற அளவிலிருந்து பிசகக் கூடாது. பிசகினால் ஒரு வாரம் ஆனாலும் கையில் ஒட்டும். கெட்டியாகும் வரை பொம்மையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து கையாலேயே திருப்புவேன்.

ஏர்வாடியிலிருந்து:

கும்பளா மீன் பொம்மைக்குச் செதில் அடிக்க யாராவது வலை பயன்படுத்தியிருக்கிறீர்களா? எனக்கு ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

கீழக்கரையிலிருந்து:

வலை வேண்டாம் தம்பி. கும்பளாவின் செதில் கண்ணுக்கே தெரியாத அளவு பொடி. வலை போட்டால் வேறு மீனாகிவிடும். முதுகில் நீலப்பச்சை, அதற்குக் கீழே பக்கவாட்டில் மெல்லிய கருங்கோடுகள் நெடுக ஓடும். புதிதாகப் பிடித்ததில் அந்தக் கோடுகளில் பொன் நிறம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அதனால் மீன் கரைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத் துடுப்புக்கு அடியில் ஒரு கரும்புள்ளி உண்டு, அதை விடாதீர்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

மண்டபத்துத் தம்பி சொன்ன பிறகு என் பழைய பொம்மைகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் கோடு லேசாகக் கசிந்திருக்கிறது. இனிமேல் நானும் தூரிகைதான்.

அந்த 38 செதில் மடவையைப் பாம்பன் பக்கம் கரையிலிருந்து வீசியதைச் சொல்லவில்லையே. பொழுது சாயும் நேரம், நீரோட்டம் நல்ல இழுப்பு. ஏழெட்டு வீச்சு காலி. அப்புறம் ஒரே வெட்டு, தங்கூசி (தூண்டில் நரம்பு) விர்ரென்று ஓடியது. கை நீள ஊளி மீன். கரைக்கு வந்ததும் சித்தப்பா கட்டிங் பிளேயரால் முள்ளைக் கழற்றிப் பொம்மையை என் கையில் வைத்தார். ஒரு பக்கம் செவுளிலிருந்து வால் வரை பல் வரிசை. எபாக்ஸியும் வெள்ளியும் கரும்சாம்பலும் கிழிந்து, மூன்று இடத்தில் கட்டையின் வெள்ளை தெரிந்தது. அந்த ஓட்டைகளில் தண்ணீர் இறங்கினால் கட்டை உப்பிவிடும் என்று அன்றிரவே நிழலில் தொங்கவிட்டேன். நாலு நாள் காய்ந்தது. ஓட்டையை எபாக்ஸியால் அடைத்துவிட்டேன், மேலே பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. அந்தப் பல் தடம் அப்படியே இருக்கட்டும்.