வேன் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ்: ரிலே போதுமா, டிசி-டிசி சார்ஜர் வேண்டுமா?

உட்லண்ட்ஸ்_வேன்:

வணக்கம். டீசல் வேன், யூரோ 5 (புகை மாசு வரம்பு). ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றி மின்சாரம் தரும் கருவி) லேபிளில் 12 வோல்ட், 100 ஆம்ப் என்று இருக்கிறது. பின்பக்கம் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று வைக்கப் போகிறேன். வார இறுதியில் டெசாரு, மெர்சிங், நீண்ட விடுமுறை என்றால் கேமரன் மலை. ராத்திரிக்கு ஓட வேண்டியவை 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், ஒரு விசிறி, எல்இடி விளக்கு, கைப்பேசிகள். வண்டி நிற்பது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி கார் நிறுத்துமிடத்தில், அதனால் சோலார் போட்டுப் பயனில்லை. சார்ஜ் முழுக்க எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும்.

பட்டறையில் சொன்ன திட்டம் இது: 6 சதுர மிமீ கேபிள் 5 மீட்டர், திரும்பி வர இன்னொரு 5 மீட்டர். முன்பக்கம் மட்டும் 100 ஆம்ப் ஃபியூஸ். நடுவில் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே, 13.3 வோல்ட்டில் சேரும், 12.8-இல் பிரியும். அங்கிருந்து நேராக லித்தியம். விலை குறைவுதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. இது சரிப்படுமா?

ஈசூன்_12வோல்ட்:

சரிப்படாது. இந்த ரிலே ஈய பேட்டரிக்காக வந்தது. லித்தியத்தோடு சேர்த்தால் அது பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது. பாதி சார்ஜில் சும்மா இருக்கும்போதே லித்தியம் இரும்பு பாஸ்பேட் 13.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ரிலே 12.8-க்கு இறங்கினால்தான் பிரியும். எஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு பேட்டரியும் கட்டிப்போட்டது போலவே கிடக்கும், லித்தியம் ஏறக்குறைய காலியாகும் வரை. விடிகாலையில் அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பில் ஒரு பங்கு லித்தியத்திலிருந்து அந்த 6 சதுர மிமீ கம்பி வழியே ஓடப் பார்க்கும். ஃபியூஸ் போகலாம், இல்லையென்றால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடலாம்.

அடுத்தது ஆல்டர்னேட்டர். ஈய பேட்டரி நிறைய நிறைய தானாகவே கரண்டைக் குறைத்து வாங்கும். லித்தியத்தின் உள்மின்தடை குறைவு, கிட்டத்தட்ட நிறையும் வரை கொடுப்பதையெல்லாம் இழுக்கும். 100 ஆம்ப் என்று எழுதியிருப்பது எஞ்சின் வேகமாக ஓடும்போது, ஆல்டர்னேட்டர் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது. நின்றபடி ஓடும் எஞ்சினில், சூடேறிய பிறகு, பாதிக்குப் பக்கம்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேறாது. நம் ஊரில் ஏர்கான் அணைவதே இல்லை. ஊதுவிசிறி, ரேடியேட்டர் விசிறி, முன்விளக்கு எல்லாம் சேர்ந்து 30, 35 ஆம்ப் எடுத்துவிடும். மீதி 15 ஆம்ப். அதில் லித்தியம் வந்து கை நீட்டினால் டயோடும் சுருளும் கருகும்.

யூரோ 5 வண்டி என்பதால் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கணினி கட்டுப்படுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி போல ஒரு சென்சார், அதிலிருந்து மெல்லிய ஒயர் போகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஆமாம். அந்த வகை, பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 12.6 பக்கம் இறக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 15 பக்கம் ஏற்றும். லித்தியம் காலியாகும் நிலையில் ரிலே பிரிந்து பிரிந்து சேரும், தவிர லித்தியத்துக்கு 14.6-க்கு மேல் போகவே கூடாது.

ஆகவே 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர், அதாவது எஞ்சின் பக்க வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் லித்தியத்துக்கு வேண்டிய வோல்டேஜையும் கரண்டையும் மட்டும் கொடுக்கும் கருவி. விக்ட்ரான் ஓரியன் 12/12-30 போன்றது, ஐசொலேஷன் (உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்தொடர்பின்றிப் பிரிப்பது) இல்லாத வகையே போதும், ஏனென்றால் இரண்டு பேட்டரிக்கும் எர்த் ஒன்றுதான். செட்டிங்: அப்சார்ப்ஷன் (நிறைக்கும் வோல்டேஜ்) 14.2, ஃப்ளோட் (நிறைந்த பின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5, ஈய பேட்டரிக்கான வெப்ப ஈடுசெய்தலும் ஈக்வலைசும் அணைந்திருக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு 30 ஆம்ப் தாராளம். ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட், இந்த வெக்கையில் பாதி நேரம் ஓடும் என்றால் 12 மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. 20 வாட் விசிறி 8 மணி நேரம் 160. விளக்கும் கைப்பேசியும் 80. மொத்தம் 540, அதாவது 42 ஆம்பியர்-மணி. ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் திரும்ப நிறைந்துவிடும்.

செம்புக்கம்பி:

ஈசூன் அண்ணன் சொன்னதோடு கேபிள் கணக்கையும் பார்த்துவிடுங்கள், இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். வெளியே 30 ஆம்ப், 14.2 வோல்ட் என்றால் 426 வாட். சார்ஜரின் திறன் 88 விழுக்காடு என்று வைத்தால் உள்ளே 484 வாட் போக வேண்டும். 13 வோல்ட்டில் அது 37 ஆம்ப். 10 மீட்டர் செம்பில் இழப்பு: 6 சதுர மிமீ என்றால் 1.1 வோல்ட், 10 என்றால் 0.65, 16 என்றால் 0.4. எஞ்சின் அறைச் சூட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடும். 16 எடுங்கள். நெகட்டிவுக்குத் தனிக் கேபிள் இழுக்காமல் பாடி எர்த் பிடித்தால், அதாவது வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் பாதையாக்கினால், இழப்பு ஏறக்குறைய பாதியாகும், காசும் மிச்சம்.

கேபிள் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்து, ஒரு இழையை இரண்டு மூன்று தடவை மடக்கினாலே ஒடிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவக்கும். கடற்கரைப் பக்கம் போகும் வண்டிக்கு அதுதான் நல்லது. லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்), ஃபியூஸ் ஹோல்டர் வகையறாவுக்கு சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்கள். லக்கை அறுகோண கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சால்டர் வைக்காதீர்கள்: ஈயம் இழைகளுக்குள் ஏறி இறுகி, அந்த இடம் விறைத்து, அதிர்வில் ஒடியும்.

ஃபியூஸ் விஷயத்தில் பட்டறை சொன்னது ஆபத்து. ஃபியூஸ் காப்பது கேபிளை. 6 சதுர மிமீ கம்பிக்கு 100 ஆம்ப் போட்டால் ஃபியூஸுக்கு முன் கம்பியின் உறை உருகும். 16-க்கு 60 ஆம்ப் போதும். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் வேண்டும், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். லித்தியம் பக்கம் சாதாரண பிளேடு ஃபியூஸ் வேண்டாம். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், பிளேடு வகை உருகிய பிறகும் உள்ளே நெருப்புப்பொறி நிற்காமல் போகலாம். பேட்டரி முனையிலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் வகை 14 வோல்ட்டில் 10,000 ஆம்ப் வரை அறுக்கும்.

அந்த நெகட்டிவ் சென்சார் இருந்தால் சார்ஜரின் எர்த்தை பேட்டரி முனையில் மாட்டவே கூடாது, பாடியில்தான். முனையில் மாட்டினால் உங்கள் 37 ஆம்ப் சென்சாரின் கணக்கில் வராது. எஞ்சின் கணினி பேட்டரி நிறைந்துவிட்டது என்று தப்பாக நம்பி வோல்டேஜை இறக்கும்.

பழைய_ஆசிட்:

ரிலேயை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பின்னால் இருப்பது ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை ஈய பேட்டரி), ஆல்டர்னேட்டர் நிலையாக 14.2, 14.4 கொடுக்கும் பழைய வகை என்றால் 16 சதுர மிமீ கேபிளோடு ரிலே நன்றாகவே வேலை செய்யும், விலையும் கால்வாசிதான். உட்லண்ட்ஸ் தம்பி லித்தியம் என்று முடிவு செய்துவிட்டதால் அவருக்கு டிசி-டிசிதான் வழி.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜொகூர் போகும் கடற்பாலத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஜாம் தெரியும்தானே. இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் மேலே சொன்ன அந்த 15 ஆம்ப் கணக்குதான். சார்ஜர் 37 ஆம்ப் இழுக்க, குறைவதை ஸ்டார்ட்டர் பேட்டரி ஈடுகட்டும். சார்ஜரின் ஆன்-ஆஃப் ஒயரில் ஒரு சுவிட்ச் வைத்து டேஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். வரிசையில் நிற்கும்போது அணைத்துவிட்டு, ஜொகூர் தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் போடுங்கள். பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் நிற்கும் வண்டியில் அப்படி எஞ்சினை ஓடவிடுவது குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும்.

சார்ஜர் முழு வேகத்தில் 58 வாட் சூடாகவே கழிக்கும். 40 பாகைக்கு மேல் அதுவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைக்காமல், சூடு தணிக்கும் துடுப்புகள் செங்குத்தாக நிற்க, சுற்றிலும் 10 சென்டிமீட்டர் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். திறந்தவெளியில் மதியம் நின்ற வண்டிக்குள் பேட்டரியே 45 பாகையைத் தாண்டியிருக்கலாம். பல பிஎம்எஸ் அந்த எல்லைக்குப் பக்கத்தில் சார்ஜை மறுக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், கதவைத் திறந்து ஆறவிடுங்கள். வேலை தொடங்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_வேன்:

எல்லாருக்கும் நன்றி. சென்சார் இல்லை. 30 ஆம்ப் சார்ஜர், 16 சதுர மிமீ, இரண்டு பக்கமும் 60 ஆம்ப், பின்பக்கம் பாடி எர்த். மாட்டியாச்சு. ஆனால் சார்ஜர் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி நிற்கிறது, பிறகு தானே தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. எஞ்சின் நின்றதைக் கண்டுபிடிக்கும் செட்டிங்கில் 13.1 வோல்ட் என்று இருக்கிறது. அதை 12.5-க்கு இறக்கிவிடலாமா?

செம்புக்கம்பி:

இறக்காதீர்கள், நோயை விட்டுவிட்டு வலியை மறைத்தது போலாகும். ஓடும்போது வோல்டேஜ் விழுகிறது, எஞ்சின் நின்றுவிட்டது என்று சார்ஜர் நினைக்கிறது. நின்றதும் இழப்பு மறைந்து வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி தொடங்குகிறது.

எங்கே விழுகிறது என்று மல்டிமீட்டர் சொல்லும். எஞ்சின் ஓட வேண்டும், சார்ஜரும் ஓட வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை ஸ்டார்ட்டர் பேட்டரி பாசிட்டிவ் முனையில், இன்னொன்றை சார்ஜர் உள்ளீட்டுப் பாசிட்டிவ் திருகில். அடுத்து நெகட்டிவ் முனையிலிருந்து சார்ஜர் நெகட்டிவ் திருகுக்கு அதே போல. ஒவ்வொன்றும் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்_வேன்:

ஸ்டார்ட்டர் பேட்டரியில் 13.9. பாசிட்டிவ் பக்கம் 0.24. நெகட்டிவ் பக்கம் 0.74.

செம்புக்கம்பி:

13.9-இல் 0.98 கழித்தால் 12.9, செட்டிங்குக்குக் கீழே. குற்றவாளி எர்த். லக்கைக் கழற்றுங்கள், அடியில் பெயிண்ட் இருக்கும். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. லக் உட்காரும் வட்டம் முழுக்கப் பளபளக்கும் இரும்பு தெரியத் தேயுங்கள், லக் நேரடியாக உலோகத்தின் மேல், அதற்கு மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். இறுக்கிய பிறகு வெளிப்புறம் மட்டும் பெயிண்ட் அடியுங்கள், உப்புக் காற்றில் துருப் பிடிக்காமல் இருக்க. முன்பக்கம் பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் கம்பெனி எர்த் பட்டையையும் அதே கையோடு கழற்றித் தேய்த்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_வேன்:

பெயிண்டேதான். தேய்த்து மாட்டியதும் நெகட்டிவ் பக்கம் 0.05. 40 நிமிடமாக நிற்காமல் 30 ஆம்ப் ஓடுகிறது.