பிந்துபெயர்: யானைப்பறவையின் பேரினப் பெயரை முன்வைத்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

ஒரே உயிரினத்துக்கு இரண்டாவதாக இடப்பட்டதால் செல்லாமற்போகும் பெயரைப் ‘போலிப்பெயர்’ எனலாம் என்று தாங்கள் எழுதியதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. படிப்பவர் அதைக் கள்ளப்பெயர் என்றே கொள்வர். இலக்கணப் போலியோ பந்தல், பந்தர் என இரண்டு வடிவங்களையும் செல்ல விடுவது.

மடகாஸ்கரில் அற்றுப்போன, பறக்கவியலாப் பெரும்பறவைகளான யானைப்பறவைகளையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வந்த முட்டைகளையும் எலும்புகளையும் கொண்டு, பிரெஞ்சு விலங்கியலாளர் ஜியோஃப்ராய் செயின்ட்-ஹிலேர் 1851-இல் ஈபியார்னிஸ் என்ற பேரினத்தை நிறுவினார். 1894-இல் ‘டைட்டன்’ என்ற சிற்றினம் அதில் சேர்ந்தது. 2018-இல் எலும்புகளை அளந்த ஆய்வாளர் இருவர் அச்சிற்றினத்தைப் பிரித்தெடுத்து, மலகாசி மொழியில் ‘பெரும்பறவை’ எனப் பொருள்படும் வோரோம்பே என்ற புதுப் பேரினத்தில் வைத்து, சராசரி எடை 650 கிலோ எனவும் கணித்தனர். 2023-இல் முட்டையோடுகளில் எஞ்சிய மரபணுவை ஆராய்ந்தபோதோ அத்தகைய தனிப் பேரினத்துக்குச் சான்று கிட்டவில்லை. அந்தப் பேரெலும்புகள் ஈபியார்னிஸின் பெண்பறவைகளுடையவையாக இருக்கலாம் என்றாயிற்று; அப்படியானால் வோரோம்பே பின்னால் வந்த, செல்லாத பெயராகிவிடும். நியூசிலாந்தில் அற்றுப்போன, பறக்கவியலாப் பறவைகளான மோவாக்களிலும், ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ஓவன் 1843-இல் நிறுவிய டைனார்னிஸ் பேரினத்தில், ஆணும் பெண்ணும் வெவ்வேறு சிற்றினங்களாக எண்ணப்பட்டிருந்ததை 2003-இல் மரபணுவே காட்டித் தந்தது.

இதில் எவரும் பொய் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேம்பில் விடியலில் கூவுவது கன்னங்கரிய ஆண்குயில்; இரண்டு கிளை தள்ளி, பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளி தெறித்தாற்போல் அமர்ந்திருப்பது அதன் பேடை. கண் மட்டும் இரண்டுக்கும் ஒரே சிவப்பு. எலும்பாக மட்டுமே கைக்கு வந்த பறவையில் அந்தக் கண்ணை எங்கே தேடுவது?

ஆகவே முதலில் இடப்பட்டதற்கு ‘முந்துபெயர்’, பின்னர் இடப்பட்டதற்குப் ‘பிந்துபெயர்’ என்னும் இணையை முன்மொழிகிறேன். தொல்காப்பியப் பாயிரத்தின் ‘முந்துநூல்’ இதற்கு வழிகாட்டி. விலங்கியல் பெயரீட்டில் முன்னுரிமை வெளியான காலத்தைப் பொறுத்ததே ஒழிய, இட்டவரின் தகுதியைப் பொறுத்ததன்று. மேலும், நாளையே புதிய எலும்போ மரபணுவோ கிடைத்து வோரோம்பே தனிப் பேரினம்தான் என்று தெளிந்தால் அதே பெயர் மீண்டும் வழக்குக்கு வரும். போலி என்று முத்திரை குத்திய பெயரை அப்போது எந்த முகத்தோடு எடுத்தாள்வோம்?

‘பிந்து’ என்பது புள்ளியைக் குறிக்கும் வடசொல்லோடு மயங்கும் எனத் தாங்கள் கருதினால், ‘பிந்திய பெயர்’ என்பதற்கும் உடன்படுவேன். இணையின் ஓசை சற்றுக் குறையும், அவ்வளவே. பாடநூல்களில் ஊன்றிவிட்ட பேரினம், சிற்றினம் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.