செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காக்கும் பொறுப்பு யாருடைய கையில் இருந்தது?

கேள்வி: மெங்கிபோல் ஆசிரியை, குளுவாங்

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் படிவ மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். என் பாட்டி ரப்பர் பால் வெட்டிய மர நிரை, குளுவாங்கின் பழைய விமானத் திடலுக்கு அருகில் இருந்தது. 1942 ஜனவரியில் ஒரு நாள் காலை, ஜப்பானிய விமானச் சத்தம் கேட்டதும் பால் வாளியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, வடிகாலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டதாகச் சொல்வார். சிங்கப்பூர்த் தீவின் வடகரையில் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைக் காக்கவே இங்கெல்லாம் திடல்கள் போடப்பட்டன என்று வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவி கேட்டாள்: “தளம் கடற்படையுடையது, திடல் விமானப்படையுடையது, காவல் நின்றவர்கள் தரைப்படையினர். அப்படியானால் மூவருக்கும் மேலே யார், டீச்சர்?” என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: நியோர் சாலை

அம்மா, அந்த மாணவிக்கு என் பாராட்டுகள். மூன்று படைகளுக்கும் மேலே மலாயாவில் ஒருவரும் இல்லை. 1940 நவம்பரில் தூரக்கிழக்கின் தலைமைத் தளபதியாக வந்த புரூக்-பாப்பமின் அதிகாரம் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் மட்டுமே செல்லுபடியானது. கடற்படை அட்மிரல் லேட்டனிடம் தனியாக இருந்தது, குடிமக்கள் நிர்வாகமோ ஆளுநர் ஷெண்டன் தாமஸிடம் இருந்தது. தரைப்படையும் விமானப்படையும்கூடத் தத்தம் நிர்வாகக் காரியங்களுக்கு லண்டனில் இருந்த தத்தம் அமைச்சகங்களுக்கே எழுதிக்கொண்டிருந்தன.

இதன் விளைவு திடல்களில்தான் நன்றாகத் தெரிகிறது. கடலில் தொலைதூரம் சென்று எதிரிக் கப்பல்களைத் தாக்க வேண்டும் என்ற கணக்கில், கோத்தா பாரு, கோங் கெடாக், மாச்சாங் ஆகிய இடங்களில் விமானப்படை திடல்களை அமைத்தது. அவற்றைத் தரையிலிருந்து காக்க முடியுமா என்று தரைப்படையிடம் முறையாகக் கலந்து பேசவில்லை. 336 விமானங்கள் வரும் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டத்துக்கு, போர் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவை 158தான். விமானம் இல்லாத திடல்களைக் காக்கத் தரைப்படை சிதறி நின்றது. முன்பிருந்த தளபதிகளான பாண்ட் (தரைப்படை), பாபிங்டன் (விமானப்படை) இருவருக்கும் ஒத்துப்போகாததால் 1941இல் இருவரையுமே மாற்றினார்கள். அவர்களுக்குப் பின் வந்த பெர்சிவலும் புல்ஃபோர்டும் நல்ல நண்பர்கள். ஆனால் அதற்குள் திடல்கள் போட்டாகிவிட்டன.

தளத்தைக் காத்த 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்தையும் இயக்கியவர்களும் தரைப்படையினரே. அவை கடலை மட்டுமே நோக்கின என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சாங்கிப் பக்கத்துப் பீரங்கிகள் வடக்கே திரும்பிச் சுட்டன. குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் எஃகைத் துளைப்பதற்கானவை என்பதுதான் குறை.

பதில் 2: பாலோ ரயிலடி

நியோர் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் முழுப்பழியையும் தலைமைமீது போட எனக்கு மனமில்லை. விமானமே இல்லாதபோது, ஒரே தளபதி இருந்திருந்தால் மட்டும் எதைக் கொண்டு போரிட்டிருப்பார்?

இருந்தாலும் 1941 டிசம்பர் 10ஆம் தேதி என்னை உறுத்தத்தான் செய்கிறது. ரிப்பல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆகிய போர்க்கப்பல்களோடு கடலில் இருந்த அட்மிரல் பிலிப்ஸ், தாம் இருக்குமிடம் வெளியாகிவிடக் கூடாது என்று வானொலி மௌனம் காத்தார். அவருக்காகவே செம்பவாங் விமானத் திடலில் 453ஆம் அணியின் பஃபலோ போர் விமானங்கள் காத்திருந்தன. குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்களின் தாக்குதல் தொடங்கிய பிறகு, ரிப்பல்ஸ் கப்பலிலிருந்து செய்தி வந்த பின்னரே அவை கிளம்பின. அவை போய்ச் சேர்ந்தபோது ரிப்பல்ஸும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் மூழ்கியிருந்தன. 840 பேர் இறந்தனர்.

பதில் 3: திருகோணமலைப் பேரன்

அதே லேட்டனின் பிற்கதையையும் உங்கள் மாணவர்கள் அறிய வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்த மறுமாதமே, 1942 மார்ச்சில், அவரை இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமித்து, முப்படைகளையும் ஆளுநர் கால்டிகாட்டின் நிர்வாகத்தையும் அவருக்குக் கீழே வைத்தார்கள். ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. எச்சரிக்கை முன்பே கிடைத்ததால், இரு துறைமுகங்களிலிருந்தும் கப்பல்களை இயன்றவரை வெளியேற்றியிருந்தார்கள்.

ஆனால் அப்படி வெளியே அனுப்பப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், போர் விமானத் துணையின்றி மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. ரயிலடி நண்பரின் கேள்வி அங்கேயும் எழுகிறது. அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரிலும் கிம்மல் (கடற்படை), ஷார்ட் (தரைப்படை) என இருவர் சமமாக இருந்து ‘ஒத்துழைப்பை’ நம்பினார்கள். தாக்குதல் நடந்து பத்தே நாளில் இருவரையும் நீக்கி, அங்கே அதிகாரத்தைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள்.

மெங்கிபோல் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. நாளை கரும்பலகையில் லேட்டன், பெர்சிவல், புல்ஃபோர்ட், ஷெண்டன் தாமஸ் என நான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் லண்டனில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று கோடு இழுக்கச் சொல்லப்போகிறேன். புரூக்-பாப்பமை எங்கே வைப்பது என்பதை, கேள்வி கேட்ட மாணவியே வந்து எழுதட்டும்.